ஜவ்வாது மலைப் பாதையில்

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்டவுடன் வெளியூர் அன்பர்களின் மனக்கண்முன் தோன்றுவன கோபுரமும், கார்த்திகைத் தீபமும், மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் வலப்பாதையுமே. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பாதையில் வழி கேட்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கூட்டம் போகிற திசையில் கால்கள் தாமே போய்விடும். இவ்வூரிலே பிறந்து, இவ்வூர்ப் பள்ளிவாசலின் பாங்கோசை கேட்டு வளர்ந்த நமக்கோ, ஊர் என்றதும் அதைவிட்டு வெளியே போகும் இரண்டு சாலைகள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. மேற்கே செங்கத்துக்கு ஒன்று. வடக்கே போளூருக்கு ஒன்று. இரண்டும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அந்த இரண்டு ஊர்களையும் தாண்டிய பின் சாலை ஒடுங்கி, காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து ஜவ்வாது மலைமேல் ஏறி ஜமுனாமரத்தூரில் போய்ச் சேரும். அங்கிருந்து மலைக் கிராமங்களுக்குப் பிரியும் வழிகளைச் சாலை என்று சொல்வதா, பாதை என்று சொல்வதா என்பது அந்தந்தப் பருவத்தின் மழையைப் பொறுத்தது.

நம் அத்தா புளி, கடுக்காய், தேன், சாமை ஆகிய மலைச் சரக்குகளை வாங்கி விற்றவர். விலை பேசுவது அவர் பொறுப்பு. சரக்கைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது நம் தாய்மாமன் பொறுப்பு. இராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையில் ஏறி இறங்கிய மாமு, மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைக் கண்டவர் அல்லர். ஆயினும் ஒரு சாலையை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும் என்பதை நாம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் அறிந்துகொண்டோம்.

சாலையைப் பார்க்குமுன் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதற்பாடம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட வழிகளில் வெட்டுமுகத்திலிருந்து தண்ணீர் கசிவது இயல்பு. தெளிந்த நீராகக் கசிந்தால் அது ஊற்று, கவலையில்லை. நேற்றுவரை தெளிந்து வந்தது இன்று செந்நீராக வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அவ்விடத்தில் நிற்கவும் கூடாது, வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கவும் கூடாது. வழியில் கிடக்கும் கற்களையும் அவர் சும்மா ஒதுக்கிவிட்டுப் போகமாட்டார். புழுதி படிந்த கல் பழைய கல். விளிம்பு கூராக, உடைந்த முகம் பளிச்சென்று இருந்தால் அது நேற்றிரவு விழுந்தது. அதன் உடன்பிறப்புகள் இன்னும் மேலே காத்திருக்கக்கூடும். வழிப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தின் அடியில் மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார். சேற்றுப் பள்ளம் குறுக்கிட்டால் இறங்கிப் போய், முன்னே சென்ற வண்டியின் தடத்தைக் குனிந்து ஆராய்வார். தடம் உள்ளே போயிருப்பதை எல்லோரும் காண்பார்கள். மாமு தேடுவது அது மறுபக்கம் வெளியே வந்திருக்கிறதா என்பதை.

இறக்கத்தைப் பற்றி அவர் சொன்னதை இன்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது அது. எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விட்டு இறங்கியவர்களின் வண்டிகள் ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்குகளில் கிடந்ததை நாம் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறோம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, கருகிய வாடை வந்து, பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில் தார்ச்சாலையை நம்பக்கூடாது என்பதும் அவர் வாக்கு. பல மாதப் புழுதியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் ஒன்றாய்க் குழைந்து, வாழைப்பழத் தோல் போல் ஆகிவிடும். இரண்டு மூன்று மழை பெய்து கழுவிய பின்னரே அது பழைய சாலை ஆகும்.

ஆனால் இவை அனைத்தையும்விட, வழியைப் பற்றி மனிதர்களிடம் கேட்கும் முறையில்தான் மாமு தேர்ந்தவர். "பாதை நல்லா இருக்குதா?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மலைவாழ் மலையாளி மக்கள் மென்மையான இயல்பினர். வந்தவர் மனம் நோகக்கூடாதென்று, "நல்லா இருக்குது பாய், போங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தமட்டில் அது பொய்யும் அன்று. நடந்து போகிறவர்களுக்கு அந்தப் பாதை எந்நாளும் நல்ல பாதைதான்! மாமுவின் கேள்வி வேறு. "கடைசியா எந்த வண்டி வந்தது? என்னைக்கு வந்தது? திரும்பிப் போச்சா?" இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடையில் ஒரு பாதையின் முழு நிலவரமும் அடங்கிவிடும். அதையும் கடைத்திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கமாட்டார். எதிரே நடந்து வருகிறவரை நிறுத்தித்தான் கேட்பார். கால் முழங்கால்வரை நனைந்திருக்கிறதா என்பதைக் கேட்காமலே பார்த்துக்கொள்வார்.

இந்த வட்டாரத்துக்கு இக்கலை புதிதன்று என்பதைப் பிற்காலத்தில் ஒரு தமிழாசிரியர் வாயிலாக அறிந்தபோது நமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்ட மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னன் என்னும் வேளின் ஊராகிய செங்கண்மாவுக்கு வழி சொல்கிறது. செங்கண்மா என்பது நம் செங்கமே. பாட்டில் வரும் நவிர மலையைச் செங்கத்துக்கும் போளூருக்கும் இடையே ஓங்கி நிற்கும் பர்வதமலை என்று அறிஞர் கூறுவர். பரிசில் பெற்று வந்த கூத்தன் ஒருவன், இனிப் பெறப் போகிற கூத்தனுக்கு வழியின் தன்மைகளை எடுத்துரைப்பதாக அமைந்த பாட்டு அது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள இடத்தை இருட்டில் கடக்காமல் விடிந்த பின் போகச் சொல்கிறது. பாம்புகள் பதுங்கும் குழிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எச்சரிக்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் நீர்க்கரையில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது. வழி கவடுபடும் இடத்தில் பின்னே வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகவும் சொல்கிறது. பரிசிலின் பெருமையைப் பாட வந்த புலவர் பெருங்கௌசிகனார், பாதையின் பள்ளங்களுக்கு இத்தனை அடிகளைச் செலவிட்டிருக்கிறாரே! மாமுவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அந்தப் புலவர் நடந்து போயிருக்காரு மாப்ளே" என்றார், அவ்வளவே.

செங்கம் கணவாயின் கதை போர் வரலாற்றிலும் உண்டு. 1767 செப்டம்பர் 3-ஆம் நாள் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமின் படையும் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையைத் தாக்கியது இங்கேதான். களத்தில் ஸ்மித் தோற்கவில்லை. ஆனால் மைசூர்க் குதிரை வீரர்கள் அவருடைய அரிசி மூட்டைகளைக் கொள்ளையிட்டுவிட்டதால், வெற்றி பெற்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு நடந்து வர வேண்டியதாயிற்று. வழியைப் பற்றிப் பேசும்போது கட்டுச்சோற்றையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

இனி, நாம் சொல்ல விரும்பும் அந்த ஐப்பசி நாளுக்கு வருவோம்.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நம் அக்கா மகளுக்கு மறுநாள் காலை நிக்காஹ். விருந்துக்குத் தேன் வாங்கவும், சாமைக் கணக்கு ஒன்றைத் தீர்க்கவும் மாமுவும் நாமும் சுபுஹுத் தொழுதுவிட்டு மலையேறினோம். மாலைக்குள் திரும்பிவிடுவதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். கீழே வெயில், மேலே போகப் போக மூட்டம். வேலை முடிந்து செங்கத்து வழியாக இறங்கத் தொடங்கியபோது மழை விட்டிருந்தது. வழியில் ஒரு கிராமத்தின் முகப்பில் நான்கு பேர் மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்துகொண்டு நின்றார்கள். உள்ளே தலைப்பிரசவத்துப் பெண். வலி எடுத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்கள். செங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்ணையும், அவள் தாயையும், கணவனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

ஆறேழு கிலோமீட்டர் வந்ததும் ஒரு காட்டாற்றுத் தரைப்பாலம். காலையில் அதன்மேல் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. வண்டி தெறித்துக்கொண்டு வந்திருந்தது. இப்போது பாலத்தைக் காணவில்லை. ஓரத்துக் குத்துக்கல் இரண்டின் தலைகள் மட்டும் தெரிந்தன. மாமு ஐம்பது அடி முன்னதாகவே நிறுத்தி, என்ஜினை அணைத்தார். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் 'கடக், கடக்' என்று ஓர் ஒலி கேட்டது. ஆற்றடியில் கற்கள் உருண்டு வருகின்றன. உருளுகிற கல்லின்மேல் பாலம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். நீர் பழுப்பு நிறம். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கரையை அரித்துக்கொண்டு ஏறும் வெள்ளம் சருகைச் சுமக்கும், வடியும் வெள்ளம் அதைக் கரையிலே விட்டுவிட்டுப் போகும் என்பது அவர் கணக்கு.

நீர்விளிம்பில் மூன்று கற்களை ஒன்றன்பின் ஒன்றாக, கரையை நோக்கி வரிசையாய் வைத்தார். பிறகு மேட்டில் துண்டை விரித்து அஸர் தொழுதார். நாமும் தொழுதோம். பயணத்தில் சுருக்கித் தொழும் சலுகை உண்டாதலால் இரண்டு ரக்அத்துகள்தாம். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு கற்கள் நீருக்குள் இருந்தன.

அச்சமயத்தில் பின்னால் ஒரு பார லாரி வந்தது. ஓட்டுநர் இளைஞர். நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே தண்ணீருக்குள் இறக்கி, அக்கரையில் ஏறிப் போயே போய்விட்டார். பெண்ணின் கணவன் மாமுவின் கையைப் பிடித்துக்கொண்டான். "லாரி போயிடுச்சே பாய். ஒரு நிமிஷந்தானே? அக்கரை தெரியுது பாய்." அழுதான். உள்ளே அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தாள். நமக்கும், மறைப்பானேன், அக்கரையில் அக்காவின் வீட்டுப் பந்தல் தெரிவது போலிருந்தது.

"லாரி பாரத்துல போகுதுப்பா. நம்ம வண்டியைத் தண்ணி தூக்கிடும்" என்றார் மாமு. வண்டியைத் திருப்பினார்.

அவர் சொன்னதன் உண்மையைப் பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். இன்றைய சிறு கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 900 கிலோ. அதன் அடிப்பரப்பு ஐந்து சதுர மீட்டர் அளவு. அடித்தட்டுக்கு மேலே 18 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏறினால், கார் விலக்கும் தண்ணீரின் எடை 900 கிலோ ஆகிவிடுகிறது. அதாவது, கதவடைத்த கார் மிதக்கத் தொடங்கும். தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளி 17 சென்டிமீட்டர் என்று கொண்டால், மொத்தம் 35 சென்டிமீட்டர். வளர்ந்த மனிதனின் முழங்காலுக்கும் கீழே. முழுவதும் மிதப்பதற்கு வெகு முன்னரே சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழந்துவிடும். பக்கவாட்டில் தள்ளும் விசையோ நீரின் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். ஓடும் நீர் ஓரடி இருந்தால் சிறு வண்டிக்கும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கும் ஆபத்து என்று வானிலைத் துறையினர் சொல்வது இதனாலேதான். நம் ஜீப் திறந்த வண்டி. உள்ளே நீர் புகுந்துவிடுமாதலால் கார் போல் மிதக்காது. ஆனால் திறந்த வண்டியில் இருப்பவர்களைத் தண்ணீர் வேறு வழியில் எடுத்துக்கொள்ளும்.

வந்த வழியே ஜமுனாமரத்தூருக்கு ஏறினோம். அரை மணியில் போயிருக்க வேண்டிய தொலைவு, சேற்றில் இரண்டு மணி நேரம் பிடித்தது. சக்கரம் சுழலும் இடங்களில் கணவனும் நாமும் இறங்கித் தள்ளினோம். அவன் நம்மோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அரசு சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் இருந்தார். மஃரிபுக்குப் பின் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கேட்ட பிறகுதான் மாமு தேநீர் குடித்தார்.

மறுநாள் விடியலில் போளூர் வழியாக இறங்கினோம். அங்கேயும் ஒரு மரம் விழுந்து கிடந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது லுஹர் தொழுகை முடிந்திருந்தது. நிக்காஹ் ஓதி, விருந்து முடிந்து, பந்தற்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தாய்மாமன் இல்லாமலே பெண்ணை மேடையேற்றினோமே என்று அக்கா அழுதார்கள். நம்மோடு அவர்கள் முகம் கொடுத்துப் பேசப் பல நாட்கள் ஆயின.

இதில் இன்னும் ஒன்று உண்டு. அந்தக் காட்டாறு, நாம் திரும்பிய ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது என்று பிறகு செங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். காத்திருந்தால் இரவு எட்டு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்திருக்கலாம். இதை மாமுவிடம் சற்று மனத்தாங்கலோடுதான் சொன்னோம். "அது வடியும்னு அப்போ தெரியாதே மாப்ளே. ரெண்டு கல்லு முங்கினது மட்டுந்தான் தெரிஞ்சது" என்றார். அதற்கு நம்மிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஒரு முடிவு சரியா என்பதைப் பின்னால் நடந்ததை வைத்து அளப்பது உலக வழக்கம். சாலையில் அந்த அளவுகோல் பயன்படாது. அந்த லாரி ஓட்டுநர் நல்லபடி அக்கரை சேர்ந்தார். அதனால் அவர் தண்ணீரைச் சரியாகப் பார்த்தார் என்று ஆகிவிடாது.

மாமுவைப் போன்றவர்கள் உலகின் எல்லா வறண்ட வழிகளிலும் இருந்திருக்கிறார்கள். மதுரை சுல்தானின் விருந்தினராகத் தமிழ்நாட்டிலும் தங்கிச் சென்ற இப்னு பதூதா, 1352-இல் சஹாராப் பாலைவனத்தைக் கடந்தபோது தம் கூட்டத்துக்கு வழிகாட்டியவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவனுக்கு ஒரு கண் குருடு, மற்றொன்று நோயுற்றது. ஆயினும் வழியை அவனைப்போல் அறிந்தவர் எவரும் இலர் என்கிறார். 'தக்ஷீஃப்' என்று அழைக்கப்பட்ட தூதன் ஒருவனையும் குறிப்பிடுகிறார். பயணக் கூட்டத்துக்கு முன்னே தன்னந்தனியாக வலாத்தா நகருக்குப் போய்க் கடிதங்களைக் கொடுப்பது அவன் வேலை. ஊரார் அதைக் கண்டு நான்கு இரவுப் பயணத் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்கொண்டு வருவார்கள். தூதன் வழியில் மாண்டால் கூட்டமும் மாளக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் தம்பி மகன், அந்நாட்டின் உள்வறள் பகுதியிலுள்ள பேர்ட்ஸ்வில் பாதையைப் பற்றிச் சொன்னான். மாரீ என்னும் சிற்றூரிலிருந்து 517 கிலோமீட்டர். நடுவே ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அந்த வழிகளில் சரக்கு ஏற்றிச் சென்றவர்கள் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் பலுசிஸ்தானத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன முஸ்லிம் ஒட்டகக்காரர்கள். மாரீயில் அவர்கள் மண்ணால் கட்டிய பள்ளிவாசல் இருந்தது. ஒட்டகத்தின் பாதம் மணலுக்கென்று அமைந்தது. ஈரக்களியில் அது வழுக்கும். ஆகவே மழை பெய்தால் அவர்கள் முகாமிட்டுக் காத்திருப்பதே முறை. இன்று அங்கே பாதையின் வாயிலிலேயே பெரிய பலகை வைத்து, எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்களாம். மூடிய பாதையில் வண்டி ஓட்டினால் தண்டம். 1963 டிசம்பரில் அந்தப் பாதையை ஒட்டிய வெளியில் ஒரு குடும்பத்தார் ஐவர் வழி தவறி, பெட்ரோலும் தீர்ந்து, தாகத்தால் மாண்டார்கள். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு அகலாதே என்பது அப்பகுதியில் எல்லோரும் சொல்லிக் கொடுக்கும் பாடம். ஆகாயத்திலிருந்து தேடுவோர்க்கு மனிதன் தெரியமாட்டான், வண்டி தெரியும்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பலகை இல்லை. 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பகுதியில், சேம்பரை மலைக்கோயிலுக்குப் புலியூர் கிராமத்தாரை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் உருண்டு 11 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மூட்டை ஏற்றும் வண்டியில் மனிதர் ஏறுவதை மாமு ஒருபோதும் விரும்பியதில்லை. கட்டி வைத்த மூட்டை அசையாது. நிற்கிற மனிதர்கள் ஏற்றத்தில் பின்னால் சாய்வார்கள், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்குவார்கள். பாரமே இடம் மாறினால் ஸ்டியரிங் பிடித்தவன் என்ன செய்வான்?

மாமு வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இருந்திருந்தால் 2024 டிசம்பரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்த மறுநாள், டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் புதையுண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மீட்புப் படையினர் பாறைகளுக்கிடையே தேடிய அந்த இரண்டு நாட்களும் ஊரில் எவரும் உரத்துப் பேசவில்லை. காலமெல்லாம் அந்த மலையை நிமிர்ந்து பார்த்து வாழ்ந்த ஊர் இது. ஜவ்வாது மலையின் வெட்டுமுகங்களைப் பார்த்த கண்ணோடு நாமும் அதை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அதே இரவு சாத்தனூர் அணை நிரம்பி, விடிவதற்குள் வினாடிக்கு ஏறத்தாழ 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. தண்டராம்பட்டு வட்டாரத்தில் அகரம் பள்ளிப்பட்டு அருகே அந்த ஆண்டு செப்டம்பரில்தான் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் அந்த வெள்ளத்தில் போயிற்று. தரைப்பாலமாக இருந்தாலென்ன, உயர்மட்டப் பாலமாக இருந்தாலென்ன, தண்ணீரைப் பார்க்காமல் பாலத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

திரும்பி வருவதைப் பற்றி நம் மனத்தில் ஒரு முள் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தாய், குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நடந்தாள். செய்தித்தாளில் அதைப் படித்தபோது, அந்த ஐப்பசி மாலையில் நாம் வண்டியைத் திருப்ப முடிந்தது எதனால் என்று எண்ணினோம். திரும்பிப் போக ஜமுனாமரத்தூர் இருந்தது. அங்கே ஒரு செவிலியர் இருந்தார். இரண்டாவது வழி ஒன்று போளூருக்கு இறங்கியது. இவை இல்லாதவர்களுக்கு மாமுவின் மூன்று கற்கள் என்ன சொல்லும்? பாதையை அறிந்து ஓட்டுவது ஓட்டுநரின் திறமைதான். திரும்புவதற்கு ஒரு பாதை இருப்பதோ எந்த ஓட்டுநரின் திறமையாலும் வருவதன்று. மலையின் கடைக்கோடிக் கிராமங்களுக்குச் சாலை கேட்டு மனுக் கொடுக்கிறவர்களோடு நாமும் சில முறை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வரிசையில் நின்றிருக்கிறோம். காட்டுச் சட்டத்தின் அனுமதி வேண்டும், நில அளவை வேண்டும் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்கிறார்கள். அவையும் வேண்டியவைதாம். ஆனால் பாம்பு அனுமதிக்குக் காத்திருப்பதில்லை.

இப்போது ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலை இருக்கிறது, பேருந்து போகிறது. அத்தாவின் வியாபாரத்தை நம் மகன் சிறிய அளவில் நடத்துகிறான். கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறான். நீலக் கோடு காட்டாறுகளை எல்லாம் ஒரே சீராகக் கடந்து போகிறது. அந்தக் கோட்டுக்கு மழை தெரியாது என்று சொன்னால், "தெரியும் அத்தா, அதனாலதான் உங்களையும் கூட்டிட்டுப் போறேன்" என்கிறான். பிள்ளைகளுக்கு வாய் நீளம்.

சென்ற கார்த்திகையில் சாமை மூட்டைகளுக்காக மேலே போனபோது, கடைசிக் கிராமத்துக்குப் பிரியும் மண்பாதையில் விறகுக் கட்டோடு ஒரு பெரியவர் எதிரே வந்தார். நம் மகனே இறங்கிப் போய், கடைசியாக எந்த வண்டி வந்தது என்று கேட்டான். "நேத்து சாயங்காலம் ஒரு டெம்போ போச்சு சாமி. இன்னும் திரும்பல" என்றார் அவர். வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, மீதி இரண்டு கிலோமீட்டரையும் நடந்தோம். டெம்போ பாதி வழியில் அச்சளவு சேற்றில் நின்றிருந்தது. ஓட்டுநர் அதன் மேலே துண்டை உலர்த்திவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாமை மறுநாள் தலைச்சுமையாக இறங்கி வந்தது.